அம்மாவுக்காகச் சொன்ன பாடம்

"இன்னைக்கு வகுப்பை நான் எடுக்கறேன். பின்னாடி இருந்து இல்ல. போர்டுக்கு முன்னாடி நின்னு."

கேட்டே விட்டாள்.

அந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். புதுச் செருப்பு கேட்கலாம். அண்ணனின் பைக் சாவியைக்கூடக் கேட்கலாம். இதை மட்டும் கேட்கக் கூடாது என்று வகுப்பு தொடங்கிய நாளிலேயே அம்மா சொல்லி வைத்திருந்தாள். "முன்னாடி வரணும்னு மட்டும் கேட்டுடாதேடி. அவன் உடைஞ்சு போயிடுவான்."

அண்ணனின் புதுக் கோட்டு தையல்காரரிடமிருந்து வந்து ஆணியில் தொங்கியது வரை போன வாரம் பார்த்தோம். ஆஸ்பத்திரிக்காரர்கள் வகுப்பைப் பார்க்க வரும் நாளும் குறித்தாகிவிட்டது. அதை நினைத்துப் புரண்டு புரண்டு படுத்தவள், விடிந்ததும் முதல் வேலையாகக் கேட்டுவிட்டாள். பெயருக்கு ஏற்ற வேலைதான். வீட்டில் அவளைக் கூப்பிடுவதே 'கொடுக்கு' என்றுதான். தேளுக்கு வாலில் இருப்பது, இவளுக்கு வாயில்.

அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போய்ப் பட்டத்தோடு திரும்பிய முதல் ஆள் கொடுக்குதான். அதுவும் ஆங்கிலப் பட்டம். அண்ணன் இரண்டாம் வருஷத்தோடு நின்றுவிட்டான். ஆனால் அவனுக்கு உயரம் இருந்தது, கணீரென்ற குரல் இருந்தது, தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லும் துணிச்சல் மலைபோல் இருந்தது. அதை வைத்து டயர் கடை மாடியில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு ஆரம்பித்தான். ஊர் அவனை 'மாஸ்டர்' என்றது.

வகுப்பு நடக்கும் விதம் அந்த வீட்டைத் தவிர யாருக்கும் தெரியாது. அண்ணன் முன்னால் நிற்பான். காதுக்குள் கடலைப் பருப்பு அளவுக்கு ஒரு கருவி. பலகைத் தடுப்புக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத அறையில், கொடுக்கு மைக்கைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருப்பாள். அவள் சொல்லுவாள், அவன் சொல்லுவான். தடுப்புக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடைவெளியில் மாணவர்களின் கால்கள் மட்டும் தெரியும். மூன்று வருஷமாக அவளுக்குத் தெரிந்த மாணவர்கள் எல்லாரும் செருப்புகள்தான்.

ஒருமுறை கோபத்தில், "மாடு மாதிரி நிக்காம அடுத்த வரியைச் சொல்லு" என்று மைக்கில் சீறினாள். அண்ணன் அதையும் அப்படியே கணீரென்று சொல்லிவிட்டான். முன் வரிசையில் இருந்தவர் அதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டாராம்.

இப்போது அந்த மாஸ்டர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். தங்கை கேட்டதும் கத்துவான், பிரஷ்ஷை வீசுவான் என்று அவள் தயாராகத்தான் நின்றாள். அவன் சிரித்தான்.

"கேட்டதுல தப்பே இல்ல. சாயங்காலம் ஆஸ்பத்திரிக்காரங்க வந்துட்டுப் போகட்டும். நர்சுங்களுக்கெல்லாம் வகுப்பு நம்மகிட்டதான்னு முடிவாச்சுன்னா, இங்க காலை வகுப்பு உனக்கு. பொம்பளைங்களுக்குன்னே தனி வகுப்பு. நீயே ராணி."

"இதைத்தான் போன தடவையும் சொன்ன."

"இந்தத் தடவை நிஜம். ஒண்ணு பண்ணு. இன்னைக்கு வீட்டிலயே இரு. மைக் ரிப்பேர்."

"மைக் ரிப்பேர்னா வகுப்பை எப்படி எடுப்ப?"

"பழைய பாடம்தானே. சமாளிச்சுக்கறேன்."

"இன்னைக்கு 'இஃப்' பாடம். அதை நீ சமாளிப்பியா?"

சமையலறையில் அண்ணி குழாயை வேகமாகத் திறந்துவிட்டாள். அண்ணிக்குப் பொய் சொல்ல வராது. வாய்க்குப் பதில் குழாயைத் திறப்பாள்.

அம்மா வேலைக்குக் கிளம்பி வாசலில் நின்றிருந்தாள். அவளும் திரும்பிப் பார்த்து, "ஒரு நாளாவது ரெஸ்ட் எடேன்டி" என்றாள். அந்த வீட்டில் கொடுக்குவை ஓய்வெடுக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஜுரம் அடித்தபோதுகூட மைக்கைக் கட்டிலுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்.



'இஃப்' பாடம் அண்ணனுக்கு எமன். 'மழை பெய்தால் குடை எடுப்பேன்' என்பது நடக்கக்கூடியது. 'எனக்குச் சிறகு இருந்தால் பறப்பேன்' என்பது வெறும் ஆசை. 'முன்பே கிளம்பியிருந்தால் பஸ்ஸைப் பிடித்திருப்பேன்' என்பது கைவிட்டுப் போனது. தமிழில் இந்த மூன்றையும் அவன் நாள் முழுக்கப் பேசுவான். ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் மட்டும் பஸ்ஸுக்குச் சிறகு முளைக்கும், குடை போன வருஷத்துக்குப் போய்விடும். 'இஃப்' வந்த பக்கத்திலேயே 'வில்'லைக் கொண்டுவந்து உட்கார வைப்பான். "வில் வேணாம், வில் வேணாம்" என்று இவள் அவன் காதில் கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அந்தப் பாடத்தை அவன் தனியாக எடுக்கப் போகிறானாம்.

வகுப்பு தொடங்கிய பிறகு, பின்பக்கப் படிக்கட்டு வழியாக ஏறிப் பின்னறைக்குள் போனாள். மைக் இருந்த இடத்தில் இருந்தது. பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. ரிப்பேராம்!

தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணனின் குரல் தண்ணீர் ஓடுவதுபோல் ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப முதல் வகை. திறந்திருக்கிற கதவு. போகலாம், போகாமலும் இருக்கலாம். ரெண்டாவது, சுவரில வரைஞ்ச கதவு. பார்க்க அழகா இருக்கும், முட்டினா மண்டை உடையும்."

அவளுடைய வார்த்தைகள். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. அவன் எங்கே இதைப் படித்தான் என்று அவள் யோசிப்பதற்குள் மூன்றாவது வகை வந்தது.

"ஒரு அம்மா இஸ்திரி போடறாங்க. வெள்ளைச் சட்டை. கண் அசந்துட்டாங்க. சட்டை கருகிப் போச்சு. இப்ப அவங்க என்ன சொல்லணும்? இஃப் ஐ ஹேட் லிஃப்டட் தி அயர்ன், தி ஷர்ட் வுட் நாட் ஹேவ் பர்ன்ட். நான் பெட்டியைத் தூக்கியிருந்தா, சட்டை கருகியிருக்காது. எங்க, எல்லாரும் சொல்லுங்க!"

பிறகு அவன் ஏதோ நடித்துக் காட்டியிருக்க வேண்டும். குறட்டைச் சத்தம் கேட்டது. "ஐயோ, முதலாளி வர்றாரே!" என்று ஒரு கிழட்டுப் பெண்குரல். வகுப்பு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. இடைவெளியில் தெரிந்த செருப்புகள் எல்லாம் ஆடின.

கொடுக்கு சிரிக்கவில்லை. அந்த வெள்ளைச் சட்டை அம்மாவுடையது.

அம்மா துணி வெளுக்கும் கடையில் இஸ்திரி போடுகிறாள். சட்டை கருகிய அன்று வீட்டுக்கு வந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அதை ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னாள், மகளிடம். மகள் அதை ஒரே ஒரு இடத்தில்தான் திரும்பச் சொன்னாள்.

மழைக்காலம் ஆரம்பித்தபோது அம்மா கேட்டிருந்தாள். "எனக்கும் நாலு வார்த்தை இங்கிலீஷ் சொல்லிக் குடேன்டி. உன் குரல்ல போன்ல பேசி வெச்சிடு. தேய்க்கிறப்ப காதுல மாட்டிக்கிட்டுக் கேக்கறேன்." அம்மா தனக்கென்று எதையும் கேட்டு அவள் பார்த்ததில்லை. பூரித்துப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஊர் தூங்கும்போது, தெருச் சத்தம் விழாமலிருக்கப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்கப் பாடம் பாடமாகப் பேசிப் பதிந்தாள். உதாரணம் எல்லாம் அம்மாவின் உலகத்திலிருந்தே எடுத்தாள். நீராவி, தலையணை உறை, காலர், பொத்தான். வெள்ளைச் சட்டைப் பாடத்தின் முடிவில், "அம்மா, இந்த வாக்கியம் உன்னைத் திட்டிக்க இல்ல. முடிஞ்சு போச்சுன்னு கீழ வெச்சிட்டு நடக்கறதுக்கு" என்றும் சொல்லியிருந்தாள்.

அந்தக் கடைசி வரியை மட்டும் அண்ணன் விட்டுவிட்டான்.

நேராக அம்மா வேலை செய்யும் கடைக்குப் போனாள். பின்பக்கம் முழுவதும் நீராவி. நீள மேஜைகளில் பெண்கள் வரிசையாக நின்று தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கழுத்தில் ஈரத்துண்டோடு தலையணை உறை மலைக்கு நடுவே இருந்தாள்.

"ஏன்டி இங்க வந்த? சாப்பிட்டியா?"

"உன் போனைக் குடும்மா."

"எதுக்கு?"

"பாடம் கேக்கணும். வெள்ளைச் சட்டைப் பாடம்."

அம்மாவின் முகம் நின்றுவிட்டது. நிறுத்தினால் துணி கருகும் என்பதால் கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணன்கிட்ட குடுத்தியா?"

"குடுத்தா என்ன இப்ப? அவன் என்ன அந்நியனா?"

"எப்பலேர்ந்து?"

அம்மா உறையைத் திருப்பிப் போட்டாள். பதில் பக்கத்து மேஜையிலிருந்து வந்தது. அங்கிருந்த அக்காவுக்கு இவர்களுக்கு நடுவே என்ன ஓடுகிறது என்று தெரியாது. "உங்கண்ணன் மாதிரி பிள்ளை கிடைக்குமா! வாராவாரம் திங்கக்கிழமை வந்து அம்மாவைப் பார்த்துட்டு, போனை வாங்கி என்னமோ ஏத்திக்கிட்டுப் போகும். மழை கொட்டினப்பகூட வந்துச்சே" என்றார் அவர், மனம் குளிர்ந்து.

வாராவாரம். மழைக்காலத்திலிருந்து. அப்படியென்றால் முதல் பாடத்திலிருந்தே.

"நீ கேக்கவே இல்லையாம்மா?"

"ரெண்டு கேட்டேன். குரல் நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கு எங்கடி அதெல்லாம் புரியும்?"

"அப்ப கத்துக்கணும்னு நீ என்கிட்ட கேட்டது?"

"அவன்தான் கேக்கச் சொன்னான்." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "அவன் கேட்டா நீ குடுக்க மாட்டியாம். நான் கேட்டா குடுத்துடுவியாம்."

சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறான். அம்மா என்ற பெயரைத் தூண்டிலில் மாட்டினால் இந்த மீன் கடிக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தூண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றது அம்மா.

"ஏம்மா?"

"ஆஸ்பத்திரியில அவங்க இடத்திலயே வகுப்பாம். அங்க பலகைத் தடுப்பு ஏது? உன்னை எங்க ஒளிச்சு வைக்கறது?" அம்மா இப்போது நேராகப் பார்த்தாள். "இங்க பாருடி. உனக்குப் பட்டம் இருக்கு. வாய் இருக்கு. உன்னை எங்க தூக்கிப் போட்டாலும் நின்னுடுவ. அவனுக்கு என்ன இருக்கு சொல்லு? அந்தக் கோட்டுதான் இருக்கு. ரெண்டு பிள்ளை இருந்தா, நடக்கறதை இறக்கி விட்டுட்டு நடக்க முடியாததைத்தானே பெத்தவ தூக்குவா?"

"என்னை நீ இறக்கி விடலம்மா. என் முதுகுல அவனை ஏத்தி விட்ட."

பக்கத்து மேஜை அக்கா இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"காலையில உன் சட்டைக்கு வகுப்பே சிரிச்சுது, தெரியுமா? உன்னை மாதிரியே நடிச்சுக் காட்டினான். குறட்டை விட்டு, முதலாளி வர்றாருன்னு பதறி."

அம்மாவின் கை துண்டுக்குப் போனது. ஒரு கணம் அந்த முகத்தில் வலி தெரிந்தது. அந்த ஒரு கணம் மட்டும் நீண்டிருந்தால், இவள் அங்கேயே அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பாள்.

"பேரு எதுவும் சொல்லலையே?"

"சொல்லல."

"அப்ப போகட்டும் விடு."

போகட்டும் விடு! தன் மானத்தைக்கூட மகனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு நிற்கிறவளிடம், மகளின் குரல் எம்மாத்திரம்?

"விட்டுட்டேம்மா" என்றாள் கொடுக்கு.

வெளியே வந்ததும் கல்லூரித் தோழியைக் கூப்பிட்டாள். "உன் ரூம்ல இன்னொரு ஆள் படுக்க இடம் இருக்குமா?" தோழி காரணம் கேட்கவில்லை. "வா, ஆனா நான் குறட்டை விடுவேன்" என்றாள். கொடுக்குவுக்கு அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் தெரு ஓரத்திலேயே முடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் அவள் பின்னறைக்குப் போனது தன் புத்தகங்களை எடுக்க மட்டும்தான். அகராதி, கல்லூரி நாளின் இலக்கணப் புத்தகங்கள் இரண்டு. வீட்டிலிருந்து துணிகளோடு கொண்டுவந்த பையில் அவற்றைப் போட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக்காரர்கள் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். திறந்த கதவு, வரைந்த கதவு, எல்லாம் தடங்கலில்லாமல் முடிந்து கைதட்டலும் விழுந்தது.

அப்போது ஒரு பெண்குரல் எழுந்தது. வயதான, களைத்த குரல். நர்சுகளுக்கெல்லாம் மேலே இருப்பவர், அண்ணனை வேலைக்கு எடுப்பதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவர்.

"மாஸ்டர், ஒரு சந்தேகம். எங்ககிட்ட வர்ற பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது, இங்கிலீஷ்தான் பொதுப் பாஷை. ஒருத்தர் தவறிட்டா, அவங்க சம்சாரம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா பிழைச்சிருப்பாரா?'ன்னு கேப்பாங்க. நீங்க சொன்ன மூணாவது வகை. கேள்வி எனக்குப் புரியுது. பதில்தான் என்ன சொல்றதுன்னு தெரியல."

"வெரி குட் கொஸ்டின்! இஃப், அப்புறம் ஹேட், அப்புறம்..."

"ஃபார்முலா தெரியும் மாஸ்டர். அழுதுகிட்டு நிக்கறவங்ககிட்ட என்ன சொல்றது?"

அண்ணனின் காதுக்குள் ஓடிய பதிவில் இந்தக் கேள்வி இல்லை. "மார்க்கர் எடுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் பின்னறைக்குள் பாய்ந்தான். தங்கையைக் கண்டதும் அவன் முகத்தில் உயிர் வந்தது.

"நல்ல வேளை, வந்துட்ட! சீக்கிரம் சொல்லு. என்ன சொல்லட்டும்?"

"அம்மா போன்ல இல்லையா?"

அவன் அகப்பட்டுக்கொண்டவன்போல் விழித்தான். பிறகு கையைப் பிடித்தான். "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். கால்ல வேணா விழறேன். மானம் போகுது கொடுக்கு."

"வெள்ளைச் சட்டைக் கதையை இன்னொரு தடவை நடிச்சுக் காட்டேன். சிரிப்பாங்க."

கையை உதறிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டி, தடுப்பைச் சுற்றிக்கொண்டு அவள் முன்னால் வந்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவை. செருப்புகளுக்கு மேலே இத்தனை முகங்கள் இருந்தன.

பின்னாலேயே ஓடி வந்த அண்ணன் பல்லைக் காட்டினான். "இது என் தங்கச்சி. ஆபீஸ் கூட்டிப் பெருக்கி, சின்னச் சின்ன உதவி பண்ணும்."

கொடுக்கு அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக அந்த வயதான நர்சிடம் போனாள்.

"சிஸ்டர், அவங்க கேக்கறது கேள்வி இல்ல. தன்னைத்தானே அடிச்சுக்கறாங்க. பிழைச்சிருப்பார்னு சொன்னா இன்னும் அடிச்சுக்குவாங்க. பிழைச்சிருக்க மாட்டார்னு உறுதியாச் சொல்ல உங்களுக்கும் தெரியாது. அவங்க 'இஃப்'ல நீங்களும் போய் நிக்காதீங்க. நடந்ததை மட்டும் சொல்லுங்க. யூ ப்ராட் ஹிம். யூ ஸ்டேய்ட் வித் ஹிம். நீங்கதான் கூட்டிட்டு வந்தீங்க, நீங்கதான் கூடவே இருந்தீங்க. சின்ன வாக்கியம். மெதுவாச் சொல்லுங்க. கையை மட்டும் விட்டுடாதீங்க."

அந்த அம்மா உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். இரண்டாவது வாக்கியத்தில் அவர் குரல் இடறியது. யாரையோ நினைத்துக்கொண்டார் போலும். பிறகு கேட்டார். "நீ யாரும்மா?"

"நான் சொல்லிக் குடுத்ததைத்தான் சொல்றா!" என்று அண்ணன் உரக்கச் சிரித்தான். "ட்ரெயினிங் அப்படி!"

போட்டு உடைத்திருக்கலாம். காதுக்குள் இருப்பதைப் பிடுங்கி மேஜைமேல் வைத்திருக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் இந்த மாலையும் அவனைப் பற்றியதாகவே போகும். அவனுக்குக் கொடுத்த நேரம் போதும்.

"அடுத்த கேள்விக்கும் நீயே பதில் சொல்லுண்ணா" என்றாள். முன்வாசல் வழியாக இறங்கினாள்.

"ஏம்மா, கொஞ்சம் நில்லு!" என்று மேலே அந்த நர்சம்மா கூப்பிடுவதும், நாற்காலி பின்னுக்கு நகர்வதும் கேட்டது. அவள் நிற்கவில்லை.

படிக்கட்டின் அடியில், டயர் அடுக்குக்குப் பக்கத்தில் அம்மா நின்றிருந்தாள். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். கழுத்தில் ஈரத்துண்டு அப்படியே இருந்தது. மகளின் தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள். புத்தகங்களோடு துணிகளும் இருப்பதைப் பார்த்தாள். கேட்க வேண்டியதை விட்டுவிட்டு வேறு எதையோ கேட்டாள்.

"ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடுவ இல்ல?"

"ஒரு தட்டு குறைச்சு வைக்கச் சொல்லு அண்ணியை."

அம்மா கையை நீட்டினாள். கொடுக்கு அந்தக் கையைத் தொடாமல் விலகிச் சுற்றிக்கொண்டு, தெருவில் இறங்கி நடந்தாள்.